மெரினா மரப்பாதை, தாழ்தளப் பேருந்து: என் அக்கா போட்ட மார்க்

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மெரினா மணலில் ஒரு மரப்பாதை கடலை நோக்கிப் போகிறது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். 1 கோடியே 14 லட்சம் ரூபாயில் கட்டி 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். நடக்க முடிந்தவர்களுக்கு இது தேவையே இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் கால் வைத்துவிடலாம். அதனால் இந்த விமர்சனத்தை எழுதுவது மட்டும்தான் நான். மார்க் போடுவது என் அக்கா.

அக்காவுக்கு வயது 54. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் போயின. மந்தைவெளியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மிஷினில் மோட்டார் மாட்டி, கால் மிதியின் வேலையை முழங்கையால் செய்கிறாள். தையற்காரி என்பதால் எங்கே போனாலும் கழுத்தில் இன்ச் டேப் தொங்கும். இந்த டேப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும். நான் அவளுக்கு ஏழு வருடம் இளையவன், பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

முதலில் பாதை.

மெரினாவில் மணல் எவ்வளவு அகலம் என்று நடப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பேசிக்கொண்டே, சுண்டல் தின்றுகொண்டே தாண்டிவிடுகிறோம். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. காய்ந்த மணலில் நாலடி போவதற்குள் புதைந்துவிடும். பின்னாலிருந்து தள்ளினால் நாற்காலி முன்பக்கம் கவிழப் பார்க்கும். திருப்பி வைத்துப் பின்பக்கமாக இழுக்கலாம்தான். ஆனால் கடல் பார்க்க வந்தவர் முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டே போக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம். அப்படி இருந்தும் அக்காவுக்குப் பல வருடங்கள் மெரினா என்றால் காமராஜர் சாலையிலிருந்து தெரியும் ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான்.

1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் இந்தக் கடற்கரையில் நடைபாதை போட்டு ‘மெரினா’ என்று பெயரும் வைத்தார். அங்கிருந்து தண்ணீருக்குப் பக்கத்தில் போக மிச்சமிருந்த 263 மீட்டருக்கு 138 வருடம் ஆகியிருக்கிறது. இந்தக் கணக்கை அக்காதான் போட்டாள். ஜெராக்ஸ் கடைக்காரனான எனக்குக் கழித்தல் அவ்வளவு வேகமாக வராது.

பாதைக்கு முன்பே தற்காலிகமாக ஒன்று இருந்தது. டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில வருடங்கள் மணலில் பலகை விரித்து வழி போட்டார்கள். சில நாளில் எடுத்துவிடுவார்கள். அக்கா ஒருமுறை போய்வந்தாள். “நல்லாத்தான்டா இருந்துச்சு. ஆனா தேர்த் திருவிழா மாதிரி வருஷத்துக்கு ஒருதரம்னா எப்படி? எனக்கு மார்ச்ல கடல் பாக்கணும்னு தோணினா?” என்று கேட்டாள். நல்ல வேளையாக அதே கேள்வியைக் கேட்ட வேறு சிலர் அதோடு விடவில்லை. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் வருடக்கணக்கில் நிரந்தரப் பாதை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மனு, கூட்டம், மறுபடியும் மனு. அதில் பாதிப் பேர் தானே சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வருகிறவர்கள். கூட்டம் நடக்கும் அலுவலகத்தில் சாய்தளம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள்.

இனி உபயோகம் எப்படி என்று சொல்கிறேன். மரப்பலகைகள் நெருக்கமாக இருப்பதால் முன்சக்கரம் இடுக்கில் மாட்டுவதில்லை. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் தாராளமாக விலகலாம். ஏற்றம் தெரியாத அளவுக்குத்தான் இருக்கிறது. அக்கா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள், நான் பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்தேன். பாதை முடிகிற இடத்தில் நின்று பார்த்தால் அலை நுரைப்பது தெரிகிறது, சத்தம் காதில் மோதுகிறது, காற்று வாகாக அடித்தால் முகத்தில் சாரலும் தெறிக்கிறது. தண்ணீருக்கும் பாதைக்கும் நடுவில் கொஞ்சம் மணல் இருக்கும். அன்றன்று கடல் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து அந்த இடைவெளி கூடும், குறையும்.

முதல்முறை அங்கே நின்றபோது அக்கா உருக்கமாக எதுவும் பேசவில்லை. “உப்புக் காத்து, பேரிங் துரு பிடிச்சிடும், போனதும் எண்ணெய் விடணும்” என்றாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நானும் தொந்தரவு செய்யவில்லை.

காலையில் போனால் பாதையைப் பெருக்குகிறவர்களைப் பார்க்கலாம். கடற்காற்று ராத்திரி முழுக்க மணலை வாரி மரத்தின் மேல் போட்டுவிடுகிறது. பெருக்காமல் விட்டால் மரப்பாதை பெயருக்குத்தான் இருக்கும், முன்சக்கரம் பழையபடி புதையும். ஒரு நாள் நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். நீளத் துடைப்பத்தோடு ஒரு அம்மா பாதிப் பாதையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “ராத்திரி செம காத்துக்கா. அங்க பூரா மண்ணு. ரெண்டு நிமிசம் இரு, தள்ளிட்டுக் கூப்புடறேன்” என்று சொல்லி எங்களுக்கு முன்னால் பெருக்கிக்கொண்டே போனார். அக்கா அவருக்குப் பின்னால் உருட்டிக்கொண்டே போனாள். கடைசிவரை இருவரும் ஜாக்கெட் தையற்கூலி பற்றித்தான் பேசினார்கள். அந்த அம்மாவுக்கு மகள் கல்யாணத்துக்கு ஆறு ஜாக்கெட் தைக்க வேண்டுமாம். அக்காவுக்கு ஆர்டர் கிடைத்தது. கடற்கரைக்குப் போய் வருமானத்தோடு திரும்பிய ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பாதை திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்தது ஞாபகம் இருக்கலாம். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. கடல் ஏறி வந்து மரப்பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. மறுநாள் முழுக்க வாட்ஸ்அப்பில் அந்தப் படம்தான். ‘ஒரு கோடி தண்ணீரில் போச்சு’, ‘மணலில் மரம் போட்டால் இப்படித்தான்’ என்று ஆளாளுக்குக் கிண்டல். என் கடைக்கு வந்த ஒருவர் அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்தார். அக்காவுக்கு வந்ததே கோபம். “வெள்ளம் வந்து மவுண்ட் ரோடு பள்ளமானா, இனிமே ரோடே வேணாம்னு சொல்லுவாங்களா? ஒட்டுப் போடுவாங்க. இதுக்கும் போடட்டும்.” சில வாரங்களில் சரிசெய்து மறுபடி திறந்தார்கள். சிரித்தவர்கள் அந்தப் படத்தை அனுப்பவில்லை.

பாதையில் குறையே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது மரத்தின் குறை இல்லை, மனிதர்களின் குறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள். 3 மீட்டர் அகலத்தில் இரண்டே கால் மீட்டரில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். கைப்பிடியில் சாய்ந்து ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். “கொஞ்சம் வழி விடுங்க” என்று ஒவ்வொரு பத்தடிக்கும் கேட்க வேண்டும். கேட்டால் உடனே நகர்ந்துவிடுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். நாற்காலியைப் பார்த்ததும் பதறி எழுந்து, “ஐயோ சாரிக்கா” என்று பிள்ளைகளை இழுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் வேர்க்கடலைப் பொட்டலத்தையே நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். “பரிதாபப்படுறாங்கன்னு தெரியுது. கடலை நல்லாருந்துச்சு” என்றாள்.

இங்கேதான் பேருந்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மரப்பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதுவரை போக வேண்டுமே. முன்பெல்லாம் ஆட்டோதான். நாற்காலியை மடக்கி ஆட்டோவின் பின்னால் திணித்து, அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, இறங்கும் இடத்தில் மறுபடி தூக்கி… ஆட்டோக்காரர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். கேட்காமலேயே வந்து ஒரு கை கொடுப்பார்கள். அக்காவுக்கு அந்த ஒரு கைதான் பிடிக்காது. “நாலு பேர் கைல ஏறி இறங்கற சாமான் மாதிரி இருக்கு. நல்ல மனசுதான், இல்லேங்கல. ஆனா முன்பின் தெரியாத ஆள் அக்குளுக்குள்ள கைவிட்டுத் தூக்கறப்ப ஒரு பொம்பளைக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது” என்றாள். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

மாநகரப் பேருந்தில் அவள் கடைசியாக ஏறியது பள்ளிக்கூடம் படிக்கும்போது, அப்பாவின் தோளில். சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், சிலவற்றில் 650. அக்கா டேப் கணக்கில் 35 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், 25 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். தாழ்தளப் பேருந்தில் அது 400 மில்லிமீட்டர், 16 அங்குலத்துக்கும் குறைவு. நிறுத்தத்தில் வண்டி ஒருபக்கமாக இன்னும் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கும். நடுக்கதவில் மடித்து வைத்திருக்கும் பலகையை நடத்துனர் இறக்கிவிட்டால் நாற்காலி அப்படியே ஏறிவிடும். உள்ளே நாற்காலியை நிறுத்த இடமும் கட்டிக்கொள்ள பெல்ட்டும் உண்டு.

இந்த 16 அங்குலம் சும்மா வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. பொதுப் போக்குவரத்து எல்லோரும் ஏறும்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியது பேருந்தாக மாற நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கூட்டணியைச் சேர்ந்த வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1993-ல் ‘தி பேனியன்’ அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர். ரோடு சரியில்லை, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், தாழ்தள வண்டி விலை அதிகம் என்றெல்லாம் எதிர்த்தரப்பு சொன்னது. முழுக்க வெற்று வாதங்கள் என்று சொல்ல மாட்டேன், சென்னை ரோடு நமக்குத் தெரியாததா. ஆனால் ரோடு சரியாகும்வரை ஒரு கூட்டம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் கிட்டத்தட்ட 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். கடைசியில் 552 தாழ்தளப் பேருந்துகள் வாங்குவதென்று முடிவாகி, 2024 ஆகஸ்ட்டில் முதல் தவணையாக 58 சென்னையில் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்ட 120 மின்சாரப் பேருந்துகளும் தாழ்தளம்தான்.

அக்கா முதலில் ஏறிய அன்று நடந்ததைச் சொல்கிறேன். நிறுத்தத்தில் வழக்கம்போல மூன்று ஆட்டோக்கள் நின்றிருந்ததால் பேருந்து நடைபாதையை ஒட்டி வர முடியாமல் நடு ரோட்டில் நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார், ஆட்டோக்கள் அசையவில்லை. நடத்துனர் இறங்கிப் போய் அவர்களை நகர்த்திவிட்டு வந்து, “அம்மா, அவசரமே இல்ல, பலகைய இறக்கறேன், நிதானமா ஏறுங்க” என்றார். பலகை முதலில் கொஞ்சம் அடம்பிடித்தது. ஒரு கல்லூரிப் பையன் மறுமுனையைப் பிடித்தான். உள்ளே ஒருவர், “நேரமாச்சுப்பா, எல்லாருக்கும் வேலை இருக்கு” என்று முணுமுணுத்தார். அவருக்குப் பக்கத்தில் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல், “உங்க வேலை ஓடிப்போகாது, சும்மா இருங்க” என்றார். பேருந்தே அமைதியானது. அக்கா தானே உருட்டி ஏறினாள். யாரும் தூக்கவில்லை.

ஏறி நிறுத்தியதும் டேப்பை எடுத்துவிட்டாள். கதவின் அகலம், திரும்புவதற்கு இருக்கும் இடம், பெல்ட்டின் நீளம் எல்லாவற்றையும் அளந்தாள். நடத்துனர் அவளை யாரோ அதிகாரி என்று நினைத்துவிட்டார். “மேடம் எந்த டிபார்ட்மெண்ட்?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். “டெய்லரிங்” என்றேன்.

அந்தப் பயணத்தில் நான் கவனித்த இன்னொன்று. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறியவர்களில் சக்கர நாற்காலி அக்காவுடையது மட்டும்தான். ஆனால் தாழ்வான படியால் பிழைத்தவர்கள் நிறையப் பேர். முட்டி வலியோடு ஒரு பாட்டி யாரையும் பிடிக்காமல் ஏறினார். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக இன்னொருத்தி. மீன் கூடைக்கார அம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே ஏறிவிட்டார். வழக்குப் போட்டவர்கள் இவர்களுக்காகவும்தான் வாதாடினார்கள் என்பது ஏறியவர்களில் எவருக்கும் தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, பேருந்து வந்தால் போதும்.

குறைகள்: எல்லா வழித்தடத்திலும் தாழ்தள வண்டி வருவதில்லை, அதனால் காத்திருக்கத் தயாராகப் போக வேண்டும். சாயங்கால நெரிசலில் நாற்காலி நிறுத்தும் இடத்திலும் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள், அந்த நேரத்தில் ஏறும் யோசனை வேண்டாம். நிறுத்தங்களில் ஆட்டோ நிறுத்துகிறவர்களைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன், மறுபடி சொன்னால் எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வேலை நாளில் காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் போங்கள். வெயில் ஏறினால் நிழல் தேடி வெகுதூரம் வர வேண்டியிருக்கும், கைப்பிடியும் சுடும். காணும் பொங்கலன்று அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். தண்ணீர் பாட்டில், சக்கரம் துடைக்க ஒரு பழைய துணி, வீட்டுக்கு வந்ததும் பேரிங்குக்கு இரண்டு சொட்டு எண்ணெய். முதல்முறை போகிறவர்கள் எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது, அதனால்தான் பழைய ஆட்களுக்கு இன்னமும் ஐஸ் ஹவுஸ். பாஸ்டனிலிருந்து மெட்ராசுக்கு ஐஸ் உருகாமல் வந்துசேர வழி கண்டுபிடித்தவர்கள் ஒரு படியைத் தாழ்த்த இத்தனை காலம் எடுத்துக்கொண்டார்களே என்று அக்கா அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் சொல்வாள். கண்டுபிடித்தவர்களும் தாழ்த்தியவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை.

இப்போது மார்க். மரப்பாதைக்குப் பத்துக்கு எட்டு. கடைசி மணல்துண்டுக்காக ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காக ஒன்று குறைத்தாள். கூட்டத்துக்குப் பாதை என்ன செய்யும் என்றேன். “நான் டீச்சரா, நீ டீச்சரா?” என்றாள். பெருக்கும் அம்மாவுக்குத் தனியாகப் பத்துக்குப் பத்து. தாழ்தளப் பேருந்துக்கு ஏழு. அன்றைக்கு வந்த நடத்துனருக்கு ஒன்பது, என்னை விசாரிக்காமல் அவளிடமே கேட்டிருந்தால் பத்து கிடைத்திருக்கும்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் உள்ள நடைபாதைக்கு இரண்டு. பைக் ஏறக்கூடாது என்று அதன் முனையில் எஃகுக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே 22 அங்குலம். அக்காவின் நாற்காலி 25. அதனால் நிறுத்தத்துக்குப் போக அவள் ரோட்டில் இறங்கி, தண்ணி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே உருட்ட வேண்டியிருக்கிறது. பைக்காரர்கள் பக்கத்து வீட்டுச் சாய்தளம் வழியாக ஏறிப் போகிறார்கள்.

போன வாரம் இதற்கு ஒரு மனு எழுதினாள். என் கடையில்தான் டைப் செய்தோம். நடைபாதையின் படம் கையால் வரைந்து, கம்பம் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, இடைவெளியை அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் குறித்து இணைத்திருக்கிறாள். ஒரே ஒரு கம்பத்தைப் பிடுங்கி, இடைவெளி 36 அங்குலம் வரும்படி தள்ளி நட்டால் போதும் என்பது கோரிக்கை. எந்தக் கம்பம் என்பதையும் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாள். தெருவில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், முதல் கையெழுத்து முட்டி வலிக்காரரான எதிர்வீட்டு மாமாவுடையது. கம்பம் நகர்ந்தால் மார்க்கைத் திருத்தி இங்கேயே எழுதுகிறேன்.